கரண்டிக் கணக்கும் கண்ணாடிக் குழாயும்

கூட்டுறவுச் சங்கங்களில் எழும் வழக்குகளிற் பெரும்பாலானவை பணத்தைப் பற்றியவை என்றே பலரும் எண்ணுகின்றனர். அவற்றுட் பல உண்மையில் அளவைப் பற்றியவை என்பது எனது அநுபவம். எடையிலோ, நீளத்திலோ, கரைசலின் வலிமையிலோ எங்கோ ஒரு சிறு பிசகு நேர்ந்திருக்கும். அது கணக்குப் புத்தகத்தை வந்தடையும்போது பண வழக்காக உருமாறி நிற்கும். அத்தகைய வழக்கு ஒன்றையும், ஒரு மேல்நிலைப் பள்ளியின் இரசாயன ஆய்வுக்கூடத்தில் அது தீர்ந்த விதத்தையும் எடுத்துக் கூறி, அங்கு மாணவர்கள் பயிலும் அளவை முறைகள் நம் சங்கங்களுக்கு எவ்வாறு பயன்படும் என்பதை அங்கத்தினர்களுக்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழக்கு

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் படுக்கை விரிப்புகளுக்கென நீல நூல் இரண்டு தவணைகளாகச் சாயம் ஏற்றப்பட்டது. முதல் தவணை ஆழ்ந்த நீலமாக அமைந்தது. மழைக்காலம் கழிந்த பின் தோய்த்த இரண்டாம் தவணை வெளிறிப் போயிற்று. இரண்டும் ஒரே தறியில் ஏறியபோது விரிப்பில் பட்டை பட்டையாக நிறபேதம் தெரிந்தது. சரக்குத் திரும்பி வந்தது. நிர்வாகக் குழு கூடி, நட்டத்தின் ஒரு பகுதியைச் சாயப்பட்டறைத் தொழிலாளியின் கூலியிலிருந்து பிடித்தம் செய்வதென்று தீர்மானித்தது. அவர் சரக்கைக் குறைத்துப் போட்டு மீதியை வெளியே விற்றிருப்பார் என்ற பேச்சும் ஊரில் பரவிற்று.

விசாரணைக்குச் சென்ற என்னிடம் அவர் தம் குவளையைக் கொண்டு வந்து காட்டினார். “ஐயா, இருபது வருஷமாக இதே குவளைதான். மூன்று குவளை காஸ்டிக் சோடா போட்டேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை” என்றார். அவர் சொன்னதை மறுக்க எவரிடமும் சான்று இல்லை. ஏற்கவும் எவரிடமும் சான்று இல்லை. ஒருவருடைய கூலியும் நற்பெயரும் ஒரு குவளையின் மேல் நின்றன.

கிடங்கில் இரண்டு டிரம்கள் இருந்தன. ஒன்று அண்மையில் வந்து முத்திரை பிரிக்காமல் இருந்தது. மற்றது மழைக்காலம் முழுவதும் மூடி சரிவரப் பொருந்தாமல் கிடந்தது. அதிலுள்ள காஸ்டிக் சோடா வியர்த்துக் கட்டி தட்டியிருந்தது. காஸ்டிக் சோடா காற்றிலுள்ள ஈரத்தையும் கரியமில வாயுவையும் உறிஞ்சும் இயல்புடையது. ஈரத்தால் அதன் எடை கூடும். கரியமில வாயுவால் அதன் ஒரு பகுதி சோடா உப்பாக மாறிவிடும். ஆகவே குவளை மாறாதிருந்தும் குவளைக்குள் இருந்த காரம் குறைந்திருக்கலாம் என்ற ஐயம் எனக்குத் தோன்றிற்று. வாட் சாயம் காரம் போதிய அளவு இருந்தால்தான் முற்றும் கரைந்து நூலில் ஏறும் என்பதைச் சாயத் தொழிலர் அறிவர்.

ஐயம் தீர்ப்பாகாது. ஆதலால் தலைவர், காரியதரிசி, தொழிலாளி ஆகிய மூவர் முன்னிலையில் ஒவ்வொரு டிரம்மிலும் மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலிருந்து சிறிது எடுத்துக் கலந்து, இறுக மூடிய புட்டிகளில் அடைத்து, ஒப்பமிட்ட சீட்டுகளை ஒட்டினோம். பின்னர் அருகிலுள்ள மேல்நிலைப் பள்ளிக்குச் சென்று, இரசாயன ஆசிரியரின் உதவியை நாடினோம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் செய்து பழகும் தரம்பார்த்தல் என்னும் சோதனையே எங்கள் வழக்குக்குப் போதுமானது என்று அவர் கூறினார்.

துணி வெளுத்தவர்கள் தந்த கருவி

இச்சோதனைக்கும் நெசவுத் தொழிலுக்கும் உள்ள உறவு பழைமையானது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் துணியைச் சாம்பற் காரத்திலும் புளித்த மோரிலும் மாறிமாறித் தோய்த்து, புல்வெளியில் மாதக் கணக்கில் வெயிலில் விரித்து வெளுத்தனர். சாம்பற் காரத்தின் வலிமை ஒவ்வொரு மூட்டைக்கும் மாறுபட்டது. எடின்பரோ நகரத்து மருத்துவரான பிரான்சிஸ் ஹோம் 1756-ஆம் ஆண்டில் வெளுப்புத் தொழிலைப் பற்றி எழுதிய நூலில் இதற்கு ஒரு வழி கூறினார். காரத்தின் மேல் நீர்த்த நைட்ரிக் அமிலத்தைத் தேக்கரண்டி தேக்கரண்டியாக விட்டு, நுரை பொங்குவது நிற்கும் வரை எத்தனை கரண்டி செல்கிறது என்று எண்ணுவதே அவ்வழி. கரண்டிகள் மிகுந்தால் காரம் வலியது, குறைந்தால் மெலியது.

பிரான்ஸ் தேசத்து இரசாயன அறிஞர் பெர்த்தொலே 1785-இல் குளோரின் கொண்டு துணியை விரைவில் வெளுக்கலாம் எனக் கண்டறிந்தார். ஆனால் குளோரின் நீர் வலிமை மிகுந்தால் இழையே இற்றுவிடும். ஆதலால் துணித் தொழிலுக்குப் பெயர் பெற்ற ரூவான் நகரில் தெக்ருவாசீ என்பவர், அந்நூற்றாண்டின் இறுதியில், கோடுகள் குறித்த கண்ணாடிக் குழாய் ஒன்றை அமைத்தார். அளந்த அவுரி நீலக் கரைசலின் நிறத்தைப் போக்க எத்தனை கோடு வெளுப்பு நீர் வேண்டும் என்று அதனால் பார்த்தார். பியூரெட், பிப்பெட் என்னும் பெயர்களை 1824-இல் கே-லுசாக் என்ற அறிஞர் வழங்கினார். கரண்டியில் தொடங்கிய கணக்கு கண்ணாடிக் குழாயை அடைந்தது இவ்வாறுதான். இன்று பள்ளி மாணவன் கையிலுள்ள அக்கருவி, துணித் தொழிலின் தேவையால் பிறந்ததென்பதை நெசவாளர்கள் பெருமையுடன் நினைவில் வைக்கலாம்.

முதற் படி: நிறுத்தல்

வலிமை தெரியாத ஒன்றை அளக்க வேண்டுமானால், வலிமை ஐயமின்றித் தெரிந்த மற்றொன்று வேண்டும். அதற்கு ஆக்ஸாலிக் அமிலப் படிகங்களை எடுத்துக்கொண்டனர். இதில் 6.3 கிராம் ஒரு லிட்டர் கரைசலில் இருந்தால், அது பத்தில் ஒரு நார்மல் வலிமை உடையது. எங்களுக்குக் கால் லிட்டர் போதுமாதலால் 1.575 கிராம் நிறுக்க வேண்டியிருந்தது.

தராசைப் பற்றி ஆசிரியர் மாணவர்களுக்கு இட்ட கட்டளைகள் நம் கிடங்குகளுக்கும் பொருந்தும். தராசு சமதளத்தில் நிற்க வேண்டும். மின்விசிறிக் காற்று படக் கூடாது. நிறுக்கு முன் தராசு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். சூடான பொருளை நிறுக்கலாகாது; அதைச் சுற்றி எழும் வெப்பக் காற்று எடையைக் குறைத்துக் காட்டும். பொருளைத் தட்டின் மேல் நேராகக் கொட்டாமல், எடை தெரிந்த கண்ணாடிச் சிமிழில் இட்டு நிறுக்க வேண்டும்.

இவற்றினும் முக்கியமானது, தராசு எவ்வளவு சிறிய வேற்றுமையைக் காட்டவல்லது என்பது. ஒரு கிராம், இரண்டு கிராம் என்று மட்டுமே காட்டும் தராசில் அரை கிராம் வரை பிசகு ஒளிந்திருக்கக் கூடும். 500 கிராம் பொருளுக்கு அது ஆயிரத்தில் ஒரு பங்கு, பொருட்படுத்த வேண்டுவதில்லை. ஆனால் அதே தராசில் 5 கிராம் சாயத்தை நிறுத்தால், பிசகு நூற்றுக்குப் பத்து ஆகிவிடும். தராசு நல்லதா என்று கேட்பதினும், நாம் நிறுக்கும் எடைக்கு அது தகுதியானதா என்று கேட்பதே முறை.

இரண்டாம் படி: கரைத்தல்

நிறுத்த அமிலத்தைச் சிறிது நீரில் கரைத்து, 250 மில்லிலிட்டர் அளவுக் குடுவையில் ஊற்றி, பாத்திரத்தை மும்முறை கழுவி அந்நீரையும் குடுவையிலேயே சேர்த்தனர். பாத்திரத்தில் ஒட்டியிருப்பதும் நிறுத்த எடையைச் சேர்ந்ததே அன்றோ? பின்னர்க் குடுவையின் கழுத்திலுள்ள கோடு வரை நீர் விட்டு, மூடி, பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கினர்.

காஸ்டிக் சோடாவை ஒவ்வொரு புட்டியிலிருந்தும் 1 கிராம் விரைவில் நிறுத்து, தனித்தனியே அவ்வாறே 250 மில்லிலிட்டராக ஆக்கினர். இது லிட்டருக்கு 4 கிராம் என்ற கணக்கு. முற்றும் தூய காஸ்டிக் சோடாவானால் இக்கரைசலும் பத்தில் ஒரு நார்மல் வலிமை உடையதாகும். காஸ்டிக் சோடா நீரில் கரையும்போது சூடு பிறக்கும். சூடான நீர் விரிந்திருக்குமாதலால், அந்நிலையில் கோடு வரை நிரப்பினால் ஆறிய பின் கோட்டுக்குக் கீழே இறங்கிவிடும். ஆற விட்ட பின்பே கோட்டைப் பார்க்க வேண்டும். இப்பொருள் தோலையும் கண்ணையும் புண்ணாக்க வல்லது என்பதையும், எப்போதும் நீரில் இதைச் சிறிது சிறிதாக இட வேண்டுமேயன்றி இதன் மேல் நீரை ஊற்றலாகாது என்பதையும் சாயப்பட்டறையில் உள்ளோர் மறவாதிருத்தல் நலம்.

மூன்றாம் படி: அளந்தெடுத்தலும் பார்த்தலும்

கரைசலில் 20 மில்லிலிட்டரை அளந்தெடுப்பது பிப்பெட்டின் வேலை. முற்காலத்தில் வாயால் உறிஞ்சி எடுத்தனர், அது அபாயமானது, ரப்பர்க் குமிழால் எடுப்பதே தக்கது. பிப்பெட்டை அளக்கப் போகும் கரைசலாலேயே கழுவ வேண்டும். இல்லையேல் உள்ளிருக்கும் நீர்த்துளி கரைசலை நீர்க்கச் செய்யும். ஆனால் கரைசலை வாங்கும் கூம்புக் குடுவையை வெறும் நீரால் மட்டுமே கழுவ வேண்டும். அதைக் கரைசலால் கழுவினால் அளக்காத கரைசல் சிறிது உள்ளே தங்கிவிடும். ஒரே பொருளால் ஒரு பாத்திரத்தைக் கழுவலாம், மற்றொன்றைக் கழுவலாகாது என்னும் இந்நுட்பம், விதிகளை மனப்பாடம் செய்வோருக்கு விளங்காது; காரணம் அறிந்தவருக்கு ஒரு முறை கேட்டாலே போதும். பிப்பெட்டின் முனையில் இறுதியாக ஒரு துளி தங்கி நிற்கும். அதை ஊதித் தள்ளக் கூடாது. அது தங்கும் என்று கணக்கிட்டே கோடு இடப்பட்டுள்ளது.

அமிலத்தைப் பியூரெட்டில் நிரப்பினர். காரத்தை அதில் நெடுநேரம் வைத்தால் கண்ணாடித் திருகு இறுகிவிடுமாதலின், அமிலத்தை இடுவது வழக்கம். குழாய் செங்குத்தாக நிற்க வேண்டும். நிரப்பிய பின் புனலை எடுத்துவிட வேண்டும். இல்லையேல் அதிலிருந்து ஒரு துளி நமக்குத் தெரியாமல் விழுந்து கணக்கைக் கெடுக்கும். திருகுக்குக் கீழுள்ள முனையில் காற்றுக் குமிழி இருந்தால், திருகை வேகமாகத் திறந்து அதை வெளியேற்ற வேண்டும்.

குழாயிலுள்ள நீரின் மேற்பரப்பு தட்டையாக இராது. ஓரங்களில் ஏறி நடுவில் தாழ்ந்து பிறை போல் வளைந்திருக்கும். தெளிந்த நீருக்குப் பிறையின் அடியையும், உள்ளே பார்க்க முடியாத கருநிறக் கரைசலுக்கு மேல் விளிம்பையும் பார்ப்பது முறை. பார்க்கும் கண் பிறைக்கு நேர்மட்டத்தில் இருக்க வேண்டும். மேலிருந்து குனிந்து பார்ப்பவனுக்கு ஓர் எண்ணும், கீழிருந்து நிமிர்ந்து பார்ப்பவனுக்கு வேறோர் எண்ணும் தெரியும். இருவரும் பொய் சொல்லவில்லை. நின்ற இடம்தான் பிசகு. இதனை இடமாறு தோற்றப் பிழை என்பர். பொதுக்குழுக் கூட்டங்களிலும் இப்பிழை நிகழ்வதை அங்கத்தினர்கள் கண்டிருக்கலாம்.

கூம்புக் குடுவையிலுள்ள காரக் கரைசலில் பினாப்தலீன் இரண்டு துளி விட்டதும் அது இளஞ்சிவப்பாக மாறிற்று. மாணவன் ஒருவன் வலக் கையால் குடுவையைச் சுழற்றிக்கொண்டே, இடக் கையால் திருகைத் திறந்து அமிலத்தை விட்டான். நிறம் மங்கத் தொடங்கியதும் துளித் துளியாக விட்டான். ஒரு துளி ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர். எந்தத் துளியில் நிறம் முற்றும் மறைந்ததோ அத்துளியோடு நிறுத்தி, அளவைப் பார்த்து, உடனே குறிப்பேட்டில் எழுதினான். மூன்று முறை இவ்வாறு செய்தனர். முறைக்கு முறை 0.1 மில்லிலிட்டருக்கு மேல் வேற்றுமை இல்லையானால்தான் அவ்வளவு ஏற்கத்தக்கது.

எண்கள் உரைத்த தீர்ப்பு

புதிய டிரம்மின் காரத்துக்கு 19.6 மில்லிலிட்டர் அமிலம் சென்றது. பழைய டிரம்மின் காரத்துக்கு 15.8 மட்டுமே சென்றது.

கணக்கு எளியது. 15.8-ஐ 0.1-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 0.079 நார்மல் எனக் கிடைக்கும். இதை 40-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 3.16 கிராம். நாங்கள் இட்டதோ 4 கிராம். ஆகவே பழைய டிரம்மில் நூற்றுக்கு 79 பங்கே காரம் இருந்தது. புதியதில் அவ்வாறே கணக்கிட்டால் நூற்றுக்கு 98 பங்கு.

இவ்விடத்தில் காரியதரிசி தக்கதொரு கேள்வி கேட்டார்: “பிள்ளைகள் பார்த்ததில் தவறு இருக்கக் கூடாதா?” ஆசிரியர், “இருக்கலாம். 0.1 மில்லிலிட்டர் வரை தவறலாம். ஆனால் இரண்டு டிரம்களுக்கும் உள்ள வேற்றுமை 3.8 மில்லிலிட்டர். அது அத்தவறைப்போல் முப்பத்தெட்டு மடங்கு” என்றார். அளக்கும் கலையின் முழுமை இதில்தான் இருக்கிறது. தவறே இல்லாத அளவு உலகில் இல்லை. தன் தவறு எவ்வளவு பெரிதாக இருக்கக் கூடும் என்று சொல்லவல்ல அளவே நம்பத்தக்க அளவு. குவளைக்கு அது சொல்ல இயலாது.

அழித்த எண்

மாணவர்களின் குறிப்பேட்டைப் பார்த்தபோது என் பள்ளி நாட்கள் நினைவுக்கு வந்தன. இதே சோதனையில் எனக்கு முதல் முறை 18.9 வந்தது, இரண்டாம் முறை 18.4. மணி அடிக்கும் நேரம் நெருங்கியது. முதல் எண்ணை ரப்பரால் அழித்து 18.4 என்று எழுதினேன். மூன்றாம் முறை செய்யாமலே அங்கும் 18.4 என்று எழுதினேன். என் ஆசிரியர் பக்கத்தைப் பார்த்தார். என் பியூரெட்டையும் பார்த்தார். அதில் நின்ற அமிலத்தின் மட்டமே மூன்றாம் சோதனை நடைபெறவில்லை என்பதைக் காட்டிக் கொடுத்தது.

அவர் கடிந்துகொள்ளவில்லை. அழித்த எண் என்னவென்று கேட்டார். சொன்னேன். “உன் குழாயின் முனையில் காற்றுக் குமிழி இருந்திருக்கிறது. முதல் முறை அது வெளியேறிய இடத்தை அமிலம் நிரப்பிற்று. அதனால்தான் எண் கூடிற்று. அந்த எண்ணை விட்டு வைத்திருந்தால் அதுவே உனக்கு இதைச் சொல்லியிருக்கும். நீ சாட்சியை அழித்துவிட்டாய்” என்றார். பிறகு அழித்த எண்ணை மீண்டும் எழுதச் செய்து, அதன் மேல் ஒரே கோடு இழுத்து, பக்கத்தில் காரணத்தையும் எழுதச் செய்தார்.

சங்கங்களின் இருப்புப் பதிவேடுகளைப் புரட்டும்போதெல்லாம் அவ்வார்த்தை என் காதில் ஒலிக்கிறது. நாள்தோறும் பிசகின்றி முழு எண்களாகவே நிற்கும் பதிவேடு எனக்கு மகிழ்ச்சி அளிப்பதில்லை. அடித்துத் திருத்தி, காரணம் எழுதி, ஒப்பமிட்ட பதிவேடே உண்மையாக அளந்தவரின் பதிவேடு.

நாம் செய்யத்தக்கவை

சோதனையின் முடிவைக் கண்ட நிர்வாகக் குழு, தன் தீர்மானத்தை ரத்துச் செய்து, பிடித்த தொகையைத் தொழிலாளிக்குத் திருப்பித் தந்தது. மூடி பொருந்தாத டிரம்மைக் கவனியாதது குழுவின் பொறுப்பு என்பதும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்பட்டது. குவளைக்குப் பதில் தகுதியான தராசு ஒன்று சாயப்பட்டறைக்கு வந்தது. தொழிலாளியே இப்போது ஒவ்வொரு தவணைக்கும் நூல், சாயம், காஸ்டிக், ஹைட்ரோஸ் ஆகியவற்றின் எடையையும், நீரின் அளவையும், டிரம் திறந்த தேதியையும் தம் கையால் எழுதி வருகிறார். அது சங்கத்துக்குக் கணக்கு, அவருக்கோ கவசம்.

பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர்களுக்கும் இதில் பாடம் உண்டு. உளுந்து பூக்கும் பருவத்தில் தெளிக்கும் 2 சதவிகித டி.ஏ.பி. கரைசலுக்கு, 10 லிட்டருக்கு 200 கிராம் உரம் வேண்டும். அதைக் கைப்பிடியால் அளந்தால், கைக்குக் கை வேறுபடும். பூச்சி மருந்தைப் புட்டியின் மூடியால் அளப்பதும் அத்தகையதே. மூடிகள் ஒரே அளவினவல்ல. மில்லிலிட்டர் குறித்த அளவுக் குவளை ஒன்று வீட்டில் இருத்தல் வேண்டும். அதை வேறெதற்கும் பயன்படுத்தலாகாது. பால் வழங்கும் அங்கத்தினர்கள் கொழுப்புச் சோதனையைக் கவனிக்கலாம். அதற்கு 10.75 மில்லிலிட்டர் பால் எடுக்க வேண்டும். கண்ணை நேராக வையாமல் 0.2 மில்லிலிட்டர் குறைத்து எடுத்தால், 4.5 சதவிகிதக் கொழுப்புள்ள பால் 4.4 என்று காட்டும். ஒரு நாளைக்கு அது சிறு தொகை, ஓராண்டுக்கு அவ்வாறன்று.

ஆகவே அங்கத்தினர்கள் நான்கு விதிகளைக் கைக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். அளக்கும் பொருளுக்குத் தகுதியான கருவியைக் கொள்க. சங்கத்தின் தராசுகளுக்கும் படிக்கற்களுக்கும் உரிய காலத்தில் அரசாங்க முத்திரை பெறுக. கருவியின் நேரே நின்று பார்க்க. ஒரு முறைக்கு இரு முறை அளக்க. இயன்றால் இரண்டாம் முறை வேறொருவர் அளக்க. கண்டதைக் கண்டபடி, கண்ட உடனே எழுதுக.

நம் பிள்ளைகள் பள்ளியில் இவற்றைக் கற்று வருகின்றனர். அவர்களுடைய செய்முறைக் குறிப்பேட்டை ஒரு நாள் வாங்கிப் பாருங்கள். பியூரெட்டை எவ்வாறு பார்த்தார்கள் என்று கேளுங்கள். அவர்கள் மதிப்பெண்ணுக்காகக் கற்றது, ஒருவரையொருவர் நம்பித் தொழில் நடத்தும் நமக்கு நாள்தோறும் வேண்டியதாயிருக்கிறது.